மன்னிப்பு வேறு, விதிவிலக்கு வேறு!

2014-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி. கொழும்பு ஐகோர்ட்டில் ஒரு தீர்ப்பு. தங்கச்சிமடத்தைச் சேர்ந்த மீனவர்கள் 5 பேருக்குத் தூக்குத் தண்டனை! அவர்களோடு இலங்கையைச் சேர்ந்த 3 பேருக்கும் அதே தண்டனை.

செய்தி வந்ததும் தங்கச்சிமடம் கொதித்தது. பெண்கள் கதறினார்கள். ராமேசுவரம் தீவு முழுவதும் போராட்டம் பரவியது.

2011 நவம்பரில் அந்த 5 பேரையும் இலங்கைக் கடற்படையினர் கடலில் பிடித்தார்கள். ஹெராயின் கடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. "மீன் பிடிக்கத்தான் போனோம். போதைப்பொருளுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார்கள் மீனவர்கள். 3 ஆண்டு சிறை, பிறகு தூக்கு.

இந்திய அரசின் முயற்சியால் அப்பீல் போடப்பட்டது. பிரதமர் மோடி, இலங்கை ஜனாதிபதி ராஜபக்சேயுடன் பேசினார். அப்பீல் வாபஸ் ஆயிற்று. ஜனாதிபதி மன்னிப்பு வழங்கினார். நவம்பர் 19-ந் தேதி 5 பேரும் விடுதலை ஆனார்கள்.

நல்ல முடிவுதான். ஆனால் ஒரு கேள்வி. மன்னிப்புக் கிடைத்தால், "இவர்கள் குற்றவாளிகள் அல்ல" என்று சட்டம் சொல்லிவிட்டதாக அர்த்தமா?

அல்ல. மன்னிப்பு என்றால் தண்டனை போகும்; தீர்ப்பு தப்பு என்று ஆகாது. "செயல் நடந்தது, ஆனால் அது குற்றமே அல்ல" என்று சட்டம் சொல்லும் இடம் வேறு. அதற்குப் பெயர் பொது விதிவிலக்கு.

எது எது விதிவிலக்கு?

1860-ல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கென்று ஓர் அத்தியாயம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 14-வது பிரிவு முதல் 44-வது பிரிவு வரை அதே விஷயம்தான். இலங்கையின் தண்டனைச் சட்டம் 1883-ல் நம் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. ஆகவே பாக் நீரிணையின் இரு கரையிலும் அடிப்படை ஒன்றே.

7 வயது நிரம்பாத குழந்தை செய்தது நம் நாட்டில் குற்றம் ஆகாது. தான் செய்வது இன்னது என்று அறிய முடியாத மனநோயாளி செய்ததும் அப்படியே. தெரியாமல் ஒருவனுக்குப் போதை கொடுத்துவிட்டால் அவனுக்கும் பாதுகாப்பு உண்டு. தானாகக் குடித்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது! உயிரைக் காக்கத் தற்காப்புக்காகத் தாக்குவது, கவனமாக ஒரு வேலையைச் செய்யும்போது எதிர்பாராமல் நேரும் விபத்து, இவையும் இதில் சேரும்.

கடலோர மக்களுக்கு முக்கியமானது தவறான எண்ணம். இருட்டில் திசை தெரியாமல், நம் பக்கம்தான் இருக்கிறோம் என்று உண்மையாக நம்பி எல்லையைத் தாண்டினேன் என்பது ஒரு வாதம். தாண்டுவது குற்றம் என்று தெரியாது என்பது வாதமே அல்ல. சட்டம் தெரியாது என்றால் எந்தக் கோர்ட்டும் கேட்காது. கச்சத்தீவு பக்கத்து எல்லை 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்திலேயே வகுக்கப்பட்டுவிட்டது.

விதிவிலக்குக் கேட்பவர் அந்தச் சூழ்நிலையைத் தானே காட்ட வேண்டும். எஞ்சின் பழுதானது என்றால் பழுதுக்குச் சாட்சியம் வேண்டும். ஆனால் போலீசார் குற்றத்தை நிரூபிக்கும் அளவுக்குக் கண்டிப்பு இல்லை. நடந்திருக்கக்கூடும் என்று கோர்ட்டு நம்பினால் போதும்.

இரண்டு படகுகள்

கடலை வைத்தே சட்டம் ஓர் உதாரணம் சொல்கிறது. ஒரு கப்பல் வேகமாக வருகிறது. முன்னால் 20, 30 பேர் உள்ள ஒரு படகு. கப்பலை நிறுத்த நேரம் இல்லை. திருப்பினால், 2 பேர் உள்ள இன்னொரு படகில் மோதும் அபாயம். பெரிய படகைக் காப்பாற்றத் திருப்பிய கேப்டன் மீது குற்றம் இல்லை. இந்த நிலை அவருடைய கவனக்குறைவால் வந்திருக்கக் கூடாது.

அப்படியானால் ஆபத்து என்று சொல்லி எதையும் செய்யலாமா? 1884-ல் இங்கிலாந்துக் கோர்ட்டுக்கு இந்தக் கேள்வி வந்தது. ஒரு பாய்மரக் கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. சிறு படகில் 4 பேர் தப்பினார்கள். சோறு இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. 20 நாள் போல ஆனதும், மயங்கிக் கிடந்த 17 வயதுப் பையனைக் கொன்று தின்று உயிர் பிழைத்தார்கள்! படிக்கவே குலை நடுங்குகிறது. சில நாளில் வேறொரு கப்பல் அவர்களை மீட்டது. "வேறு வழி இல்லை" என்றார்கள் டட்லி, ஸ்டீபன்ஸ் என்ற இருவர். தன் உயிருக்காக ஒரு நிரபராதியைக் கொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்று நீதிபதிகள் தூக்குத் தண்டனை விதித்தார்கள். பிறகு அரசாங்கம் இரக்கப்பட்டு அதை 6 மாதச் சிறையாகக் குறைத்தது.

விதிவிலக்கு மறுக்கப்பட்டது, கருணை கிடைத்தது. அது கோர்ட்டு கொடுப்பது, இது ஆட்சி கொடுப்பது.

தங்கச்சிமடத்து மீனவர்கள் விதிவிலக்குக் கேட்கவே இல்லை. "நாங்கள் செய்யவே இல்லை" என்பதுதான் அவர்கள் வாதம். அதை மேல் கோர்ட்டு கேட்டிருக்க வேண்டும். இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை என்றாலும், அப்பீல் முடியும்வரை சிறையில் காத்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டு ஆகுமோ? அப்பீலை விட்டுவிட்டு மன்னிப்பைப் பெற்றார்கள். வீட்டில் பிள்ளை குட்டிகளோடு காத்திருப்பவரைக் கேட்டால் வேறு என்ன சொல்வார்?

5 பேரும் ஊர் திரும்பினார்கள். அவர்கள் செய்தார்களா, இல்லையா என்பதை மேல் கோர்ட்டு விசாரிக்கவே இல்லை.