ஐ.சி.யு. வாசலில் கேட்ட ஒரு கணக்கு

சில வருஷங்களுக்கு முன் என் தங்கை வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். மூச்சுக் குழாய்க்குள் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். நான்காம் நாள் "தேறி வருகிறார்" என்றார்கள். ஆறாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. "நிமோனியா சார். ஐ.சி.யு.வில் இது சகஜம்தான்" என்றார் இளம் டாக்டர்.

நான் முப்பத்தைந்து வருஷம் அரசாங்க ரிஜிஸ்தர் எழுதியவன். சகஜம் என்றால் எவ்வளவு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "போன மாசம் எத்தனை பேருக்கு வந்தது டாக்டர்?" அவர் முகம் மாறிவிட்டது. தங்கை என் கையை அழுத்தினாள். "அண்ணே, அவரைக் கோபப்படுத்தாதீங்க. உள்ளே படுத்திருக்கிறது நம்ம ஆளு." வாயை மூடிக்கொண்டேன்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பாரிஸ் பத்திரிகைகள் படிக்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. அங்கே இதற்கு 'நோஸோகோமியால்' என்று ஒரு சொல் உண்டு. கிரேக்கத்தில் ஆஸ்பத்திரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நோயாளியைப் பராமரிக்கும் இடம் என்று பொருள். பராமரிக்கும் இடத்தின் பெயரையே அங்கே வரும் நோய்க்கும் வைத்திருக்கிறார்கள்!

நோய் வரும் வழி எளிமையானது. டியூப் உள்ளே இருக்கும்போது இருமித் துப்ப முடியாது. வாயிலும் தொண்டையிலும் தேங்கும் எச்சில், கிருமிகளோடு டியூபின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்கு இறங்குகிறது. டியூப் போட்டு 48 மணி நேரத்துக்கு மேலானபின் வரும் நிமோனியாவைத்தான் வென்டிலேட்டர் நிமோனியா என்று கணக்கில் எடுக்கிறார்கள்.

1999ல் பார்சிலோனா டாக்டர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 39 பேரைத் தலைப்பக்கம் 45 டிகிரி உயர்த்திப் படுக்க வைத்தார்கள்; 47 பேரை மட்டமாக. நிமோனியா என்று சந்தேகப்பட்டது முதல் கூட்டத்தில் 3 பேருக்கு, இரண்டாவதில் 16 பேருக்கு. கட்டிலின் கைப்பிடியைச் சுற்றுவதற்கு என்ன செலவு?

மருந்திலும் இப்படித்தான். 2003ல் ஷாஸ்த்ர் என்ற பிரெஞ்சு டாக்டரின் குழு, 51 ஐ.சி.யு.க்களில் 401 நோயாளிகளுக்கு 8 நாள் ஆன்டிபயாடிக் போதுமா, 15 நாள் வேண்டுமா என்று பார்த்தது. பெரும்பாலோருக்கு 8 நாளே போதுமானதாக இருந்தது. சில முரட்டுக் கிருமிகளில் மட்டும் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. எண்ணிப் பார்த்ததால்தானே இது தெரிந்தது?

பிரான்ஸில் 2002 மார்ச் 4ந் தேதிச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தொற்று வந்தால் காரணம் வெளியில் என்று நிரூபிக்க வேண்டியது ஆஸ்பத்திரிதான். பின்னர் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கை துடைக்கும் ஆல்கஹால் ஜெல் எவ்வளவு செலவாகிறது என்பதைக்கூட ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட்டார்கள். ஸ்டோர் கணக்கு பார்த்த எனக்கு இது மிகவும் பிடித்தது. ஜெல் செலவாகவில்லை என்றால் கை சுத்தமாகவில்லை, அவ்வளவுதான். அங்கேயும் தொற்று ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கருத்து இதுதான். நம் ஊர் ஐ.சி.யு. ஒவ்வொன்றும், ஆயிரம் வென்டிலேட்டர் நாளுக்கு எத்தனை நிமோனியா என்று மாதாமாதம் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். எங்கள் டாக்டர் நண்பர் ஒருவர் இதை ஏற்கவில்லை. "ஒழுங்காக எண்ணுகிற ஆஸ்பத்திரியில்தான் எண்ணிக்கை கூடும், எண்ணாதவன் நல்ல பெயர் வாங்குவான்" என்கிறார். நியாயம்தான். அப்படியானால் ஒரு ஆஸ்பத்திரியை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம். போன மாதத்து அதே ஆஸ்பத்திரியோடு ஒப்பிடலாமே. வெளியே ஒட்டக் கூச்சமாக இருந்தால், கேட்கிற குடும்பத்துக்காவது சொல்லட்டும்.

தங்கை வீட்டுக்காரர் இருபத்திமூன்று நாள் கழித்து வீடு வந்தார். குரல் மட்டும் பழையபடி வரவில்லை.

போன வாரம் பழைய ஆபீஸ் நண்பர் போன் செய்தார், சம்சாரம் வென்டிலேட்டரில். ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னேன்: "தலைப்பக்கம் உயர்த்தலாமா?" முதுகெலும்பில் அடிபட்டவர்கள் போன்ற சிலருக்கு அது கூடாது, அதனால் நாமாக உயர்த்தக்கூடாது என்றும் சொன்னேன். சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டார். "கேட்டேன்யா. நர்ஸம்மா ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து உயர்த்திவிட்டார்."