கோல் போடாத நாயகன்



பள்ளி விட்டதும் திடலுக்கு ஓடுகிறீர்கள். இரண்டு அணியாகப் பிரிகிறீர்கள். "கோல்கீப்பராக யார் நிற்பது?" என்று ஒருவன் கேட்டதும், எல்லோரும் வேறு பக்கம் பார்க்கிறீர்கள் இல்லையா? கடைசியில், வேகமாக ஓட முடியாதவனையோ, வயதில் சின்னவனையோ பிடித்து நிறுத்தி விடுவீர்கள். கோல் விழுந்தால் திட்டு மொத்தமும் அவனுக்குத்தான்! கோல் போட்டவனைத் தோளில் தூக்குவீர்கள். பத்து பந்துகளைத் தடுத்தவனை யாரும் கண்டுகொள்வதில்லை.

அப்படி யாரும் விரும்பாத இடத்தில், 18 ஆண்டுகள் இந்தியாவுக்காக நின்றவர் பி.ஆர். ஸ்ரீஜேஷ். 2024 ஆகஸ்ட் 8ம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு ஓய்வு பெற்றார் இந்த ஹாக்கி வீரர். நம் பக்கத்து மாநிலமான கேரளாவில், எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தில் விவசாயி ஒருவரின் மகனாகப் பிறந்தவர்.

பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்றுதான் இருந்தார். பிறகு பயிற்சியாளர் சொன்னதால் ஹாக்கியில் கோல்கீப்பர் ஆனார். அந்த வேலைக்குக் காலுக்குப் பட்டை, நெஞ்சுக்குக் கவசம், தலைக்கு ஹெல்மெட் எல்லாம் வேண்டும், விலை அதிகம். மகனுக்கு அவற்றை வாங்கித் தர, வீட்டில் இருந்த பசுவை விற்றார் அப்பா. ஒரு விவசாயிக்குப் பசுவை விற்பது எத்தனை வருத்தம் என்று, வயலும் வாய்க்காலுமாக வாழும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹாக்கியில் கோல் கம்பங்களுக்கு நடுவே 12 அடி அகலம். உயரம் 7 அடி. பெனால்டி கார்னரில் அடிக்கும் பந்து மணிக்கு 100 கி.மீ.,க்கும் அதிக வேகத்தில் பாய்ந்து வரும். பந்தோ கல் போல் கெட்டி! யோசிக்க நேரம் கிடையாது. முன்வரிசை வீரர் தவறு செய்தால், பின்னால் இருப்பவர் சரிசெய்து விடலாம். கோல்கீப்பருக்குப் பின்னால் இருப்பது வலை மட்டும்தான். அவர் தவறினால் அது கோல். உடனே எதிரணியின் கணக்கில் ஏறிவிடும்.

ஸ்ரீஜேஷும் தவறியிருக்கிறார், தோற்றிருக்கிறார். 2006ல் அவர் இந்திய அணிக்கு வந்தார். 2008 பீஜிங் ஒலிம்பிக்கிற்கு நம் அணி தகுதி பெறவே இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் தான் அவருக்கு முதல் ஒலிம்பிக். அதில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. 12 அணிகளில் 12வது இடம்! எட்டு முறை தங்கம் வென்ற நாட்டுக்கு அது பெரிய அவமானம். 'போதும் இந்த விளையாட்டு' என்று மட்டையைக் கீழே போட்டிருந்தால், இன்று அவரைப் பற்றி உங்களுக்கு எழுத எதுவும் இருந்திருக்காது.

அவர் போடவில்லை. 2014 இன்சியான் ஆசியப் போட்டி இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானின் இரண்டு ஷூட் அவுட் முயற்சிகளைத் தடுத்தார். 1998ல் தன்ராஜ் பிள்ளை தலைமையில் தங்கம் வென்ற அணிக்குப் பிறகு, 16 ஆண்டுகள் கழித்து மறுபடியும் தங்கம்! 2021ல் டோக்கியோவில், வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். ஜெர்மனியைவிட நாம் ஒரே ஒரு கோல் அதிகம். ஆட்டம் முடிய ஏழு வினாடி கூட இல்லை. ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். தடுத்தார் ஸ்ரீஜேஷ். 5-4 என்று வென்றோம். 41 ஆண்டுகளாகக் காத்திருந்த ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. வெற்றிக் களிப்பில் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கொண்டார் அவர்.

பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில், நம் வீரர் ஒருவர் சிவப்பு அட்டையுடன் வெளியேற, 40 நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேரே ஆடினர். 1-1 என்ற சமநிலையைக் காப்பாற்றி, ஷூட் அவுட்டில் 4-2 என வென்றனர். அரையிறுதியில் தோற்றாலும், ஸ்பெயினை வென்று மீண்டும் வெண்கலம். 1972க்குப் பிறகு, அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் ஹாக்கிப் பதக்கம் பெற்றது அப்போதுதான். அவர் அணிந்த 16ம் எண் சட்டையைச் சீனியர் அணியில் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது.

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் வெள்ளாறு சீறி வரும்போது, அது அசையாமல் நிற்கிறது. அதனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, வயல் விளைகிறது. விளைந்த நெல்லைப் பார்த்து மகிழ்கிறோம். அணைக்கட்டுக்கு யாரும் கைதட்டுவதில்லை. கோல்கீப்பரும் அப்படித்தான்!

ஓய்வு பெற்றவர் வீட்டில் உட்கார்ந்து விடவில்லை. அதே ஆண்டே இந்திய ஜூனியர் அணியின் பயிற்சியாளரானார். 2025ல் ஜூனியர் உலகக் கோப்பை நம் சென்னையிலும், மதுரையிலும் நடந்தது. பெல்ஜியத்துக்கு எதிரான கால் இறுதி ஷூட் அவுட் வரை போனது. கோல் கம்பத்தில் நின்றவர் இளைஞர் பிரின்ஸ்தீப் சிங். ஸ்ரீஜேஷோ கோட்டுக்கு வெளியே! தம்பி தடுத்தார், இந்தியா வென்றது. அந்தப் போட்டியில் வெண்கலமும் பெற்றது நம் அணி.

தனக்குத் தெரிந்ததை அடுத்தவர் கையில் ஒப்படைத்து விட்டுப் போவதுதான் நல்ல ஓய்வு. பதக்கம் அலமாரியில் இருக்கும். கற்றுக்கொடுத்த வித்தை களத்தில் இருக்கும்.

செல்லங்களே, யாரும் விரும்பாத இடம் உங்களுக்குக் கிடைத்தால் முகம் சுளிக்காதீர்கள். நாடகத்தில் திரை இழுக்கும் வேலையோ, வகுப்பில் கரும்பலகை துடைக்கும் வேலையோ, எதுவானாலும் சரி, அதில் கெட்டிக்காரராகுங்கள். உங்களுக்குக் கைவந்ததை, உங்களைவிடச் சின்னவர் ஒருவருக்கு இந்த வாரமே சொல்லிக்கொடுங்கள். செய்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்