தாளுக்கான வண்ணமும் தோலுக்கான வண்ணமும்

பள்ளி ஆண்டு விழாவும் மாறுவேடப் போட்டியும் நெருங்கும் நாட்களில், வீட்டில் இருக்கும் போஸ்டர் கலர், ஃபேப்ரிக் பெயின்ட், ஸ்கெட்ச் பேனா, கைவினை வேலைக்கான ஜிகினாத் தூள் ஆகியவற்றைக் கொண்டே குழந்தையின் முகத்தை அனுமனாகவோ புலியாகவோ மாற்றிவிடலாம் என்ற எண்ணம் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் பரவலாகக் காணப்படுகிறது. கிரிக்கெட் போட்டியன்று கன்னத்தில் மூவண்ணம் தீட்டிக்கொள்ளும் வழக்கமும், வண்ணப் பென்சிலால் கண்ணுக்கு மையிட்டுக் காட்டும் காணொளிகளும் இவ்வெண்ணத்துக்கு வலுச் சேர்த்துள்ளன. இதை ஆதரிப்போர் கூறும் காரணங்கள் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. அதனால்தான் அவை எளிதில் நம்பப்படுகின்றன. ஆயினும், அவை யாவும் ‘இந்த வண்ணம் நஞ்சா?’ என்ற கேள்விக்கே விடை சொல்கின்றன. உயிருள்ள தோலின்மீது, அதிலும் கண்ணுக்கும் உதட்டுக்கும் அருகில், மணிக்கணக்கில் ஒட்டியிருக்கத் தக்கதா என்ற கேள்வி அவற்றால் தொடப்படுவதே இல்லை.

முதல் வாதம்: புட்டியிலேயே ‘நான்-டாக்ஸிக்’ என்று போட்டிருக்கிறது

நச்சற்றது எனப் பொருள்படும் இக்குறிப்பு பொய்யன்று. ஆனால் எந்தப் பயன்பாட்டை மனத்தில் கொண்டு அது அச்சிடப்பட்டது என்பதே இங்கு முக்கியம். அமெரிக்காவில் கலைப்பொருட்களுக்கு இக்குறிப்பை வழங்குவதற்கு அடிப்படையாக விளங்குவது ஏஎஸ்டிஎம் டி-4236 என்னும் தர நெறி. தீங்கு தரக்கூடிய கலைப்பொருட்களின்மீது எச்சரிக்கை அச்சிட வேண்டும் என 1988-இல் அந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம் அந்நெறியைக் கட்டாயமாக்கியது. அதன்படி நச்சியல் வல்லுநர் ஒருவர் வண்ணத்தின் சேர்மானங்களை ஆராய்ந்து, படம் வரையும்போது விரலில் படுவது, ஆவியை முகர்வது, சிறுவர் தவறிச் சிறிதளவு விழுங்குவது போன்ற தொடர்புகளால் நாட்பட்ட கேடு விளையுமா என்று மதிப்பிடுகிறார். முகம் முழுவதும் பூசி, வியர்வையில் ஊறவிட்டு, மூன்று மணி நேரம் கழித்துத் தேய்த்து நீக்குவது அம்மதிப்பீட்டின் பொருளே அன்று. வண்ணப் பென்சிலைக் கண்மையாகப் பயன்படுத்தும் வழக்கம் பரவியபோது, க்ரேயோலா நிறுவனமே தன் பென்சில்கள் நச்சற்றவை என்றாலும் ஒப்பனைக்கென உருவாக்கப்படவோ சோதிக்கப்படவோ இல்லை என்று கூறி, அவ்வழக்கத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தியது.

இந்தியச் சட்டத்திலும் இவ்வேறுபாடு உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டம், தூய்மைக்காகவோ அழகுக்காகவோ தோற்றத்தை மாற்றுவதற்காகவோ மனித உடலில் தேய்க்கவும் தெளிக்கவும் பூசவும் கருதித் தயாரிக்கப்பட்ட பொருளையே அழகுப்பொருள் என வரையறுக்கிறது. தாளில் தீட்டக் கருதிய வண்ணம் இவ்வரையறைக்குள் வருவதில்லை. எனவே அழகுப்பொருளுக்குரிய உரிமமும் சோதனையும் அதற்குத் தேவைப்படுவதில்லை. அப்பொருளை ஒருவர் தாமே முகத்துக்குக் கொண்டுவரும்போது, சட்டம் ஏற்படுத்திய பாதுகாப்பு அனைத்துக்கும் வெளியே போய்விடுகிறார்.

இரண்டாம் வாதம்: தண்ணீரில் கரைவதுதானே, கழுவினால் போய்விடும்

போஸ்டர் கலரையும் வாட்டர் கலரையும் பொறுத்தவரை இது பெருமளவு உண்மை. அவற்றில் நிறமியைப் பிணைத்து வைப்பது பிசின் போன்ற பொருளாதலால், காய்ந்த பின்னும் நீரில் கரையும். அக்ரிலிக் வண்ணம் அவ்வாறன்று. புட்டிக்குள் இருக்கும்வரை அது நீருடன் கலந்த நெகிழித் துகள்களின் குழம்பு. நீர் ஆவியானதும் அத்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, நீரில் கரையாத படலமாக இறுகிவிடுகின்றன. துணியில் தீட்டப் பயன்படும் ஃபேப்ரிக் பெயின்ட் பெரும்பாலும் இதே வகையைச் சேர்ந்தது. பலமுறை துவைத்தாலும் போகக் கூடாது என்பதே அதன் சிறப்பு. இவ்வாறு இறுகிய படலத்தைக் கன்னத்திலிருந்து உரிக்கும்போது, அதில் சிக்கிய பூனைமயிரும் தோலின் வெளியடுக்கும் சேர்ந்தே பிய்ந்து வருகின்றன. புருவத்திலும் இமைமயிரிலும் ஒட்டியதை எடுப்பது மேலும் வேதனை. பலர் இக்கட்டத்தில் தின்னரையோ நகப்பூச்சு நீக்கியையோ நாடுவதால், வண்ணம் செய்த தீங்கைவிட அதை நீக்கும் முயற்சி செய்யும் தீங்கு பெரிதாகிவிடுவதும் உண்டு.

நீர் சேர்ந்த எந்தக் கலவையிலும் பூஞ்சையும் நுண்ணுயிரும் வளராமலிருக்கப் பாதுகாப்பு வேதிப்பொருள் சேர்த்தாக வேண்டும். வண்ணங்களில் இதற்கெனப் பரவலாகப் பயன்படுபவை ஐசோதயசோலினோன் வகைச் சேர்மங்கள். அவற்றுள் ஒன்றான மெத்தில் ஐசோதயசோலினோனை அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் முதன்மை ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. கழுவாமல் தோலிலேயே விட்டுவைக்கும் அழகுப்பொருட்களில் இதைச் சேர்ப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்துள்ளது. முகப்பூச்சுக்கு ஆகாது என விலக்கப்பட்ட பொருள், நீர் சார்ந்தது என்ற பெயரில் வண்ணப் புட்டி வழியாக அதே முகத்துக்கு வந்து சேரக்கூடும்.

மூன்றாம் வாதம்: அழகுப்பொருளிலும் இதே நிறமிகள்தானே இருக்கின்றன

இரும்பு ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு, அல்ட்ராமரீன் நீலம் ஆகியவை ஓவிய வண்ணத்திலும் அழகுப்பொருட்களிலும் ஒருங்கே இடம்பெறுகின்றன என்பது சரியே. பெயர் ஒன்றாயினும் தூய்மையின் அளவு ஒன்றன்று. அழகுப்பொருளில் சேரும் இரும்பு ஆக்சைடில் பத்து லட்சம் பங்குக்கு ஈயம் 10 பங்கையும், ஆர்சனிக்கும் பாதரசமும் தலா 3 பங்கையும் தாண்டக் கூடாது என அமெரிக்க விதி வரம்பிடுகிறது. இந்திய விதிகள் அழகுப்பொருளுக்கான கரிம நிறங்களில் ஈயத்துக்கு 20 பங்கும் ஆர்சனிக்குக்கு 2 பங்கும் உச்சவரம்பாக வைத்துள்ளன. ஓவியத்துக்கான நிறமி இந்த வரம்புகளுக்கு உட்பட்டுத் தயாராவதில்லை. மேலும், ஓவியர்கள் பயன்படுத்தும் உயர்தர வண்ணங்களில் காட்மியச் சிவப்பும் மஞ்சளும், கோபால்ட் நீலமும் இன்றும் வழக்கில் உள்ளன. கோபால்ட் அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள். காட்மியம் உடலில் புகுந்தால் எளிதில் வெளியேறாத நச்சு உலோகம்.

நிறமி எவ்விடத்தில் பூசப்படுகிறது என்பதும் விதிகளில் கணக்கில் கொள்ளப்படுகிறது. பளிச்சென ஒளிரும் நிறங்கள் சிலவற்றை அழகுப்பொருளில் சேர்க்க அனுமதிக்கும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அவற்றையே கண்ணைச் சுற்றிப் பூச அனுமதிப்பதில்லை. இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதும், அங்கே பூசியது கண்ணுக்குள் கசியும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கவை. ஜிகினாத் தூளின் நிலையும் இதுவே. நெகிழித் தாளின்மீது அலுமினியப் பூச்சிட்டு, பொடிப்பொடியாக வெட்டி அது தயாரிக்கப்படுகிறது. ஒப்பனைக்கான தூள் பொதுவாக மிக நுண்ணியதாக வெட்டப்பட, வாழ்த்து அட்டையில் ஒட்டுவதற்கான தூள் பருமனாகவும் கூர்விளிம்புடனும் இருக்கும். அதில் ஒரு துணுக்கு இமைக்குள் சென்று, குழந்தை கண்ணைக் கசக்கினால், கருவிழியை மூடியிருக்கும் ஒளிபுகும் படலத்தில் கீறல் விழலாம். கீறலில் கிருமி தொற்றினால் பார்வையே பாதிக்கப்படும் அபாயமும் உண்டு.

நான்காம் வாதம்: கையில் தடவிப் பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை

தோல் இருவேறு வகைகளில் எதிர்வினை காட்டுகிறது. ஒரு பொருள் நேரடியாகத் தோலைத் தாக்கிச் சிவக்கவும் எரியவும் செய்வது எரிச்சல் வினை. அது உடனே தெரியும். ஒவ்வாமை வினையோ உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு ஒரு பொருளைப் பகையென அடையாளம் கண்டுகொண்ட பின்னரே தோன்றுவது. முதன்முறை பட்டபோது உடல் அப்பொருளை அடையாளம் காண ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அக்காலத்தில் வெளியே ஓர் அறிகுறியும் தென்படாது. அடுத்த முறை அது படும்போது ஒன்றிரண்டு நாட்களில் அரிப்பும் கொப்புளமும் வெளிப்படும். தோல் மருத்துவர்கள் ஒட்டுச் சோதனை செய்யும்போது, ஐயத்துக்குரிய பொருளை முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைத்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பது இதனாலேயே. புறங்கையில் அரைமணி நேரம் தடவிப் பார்ப்பது எரிச்சலைப் பற்றிச் சிறிது கூறலாம். ஒவ்வாமையைப் பற்றி எதுவும் கூறாது. ஒருமுறை ஏற்பட்ட ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிப்பதால், ஒருநாள் விழாவுக்காகப் பூசிய வண்ணத்தின் விளைவை, அதே பாதுகாப்புப் பொருள் கலந்த ஷாம்பூவும் திரவ சோப்பும் பின்னாளில் வெளிக்கொணரக்கூடும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு நன்கு தெரிந்த சான்று ஒன்றும் உண்டு. ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் நெற்றித் தோல் நிறமிழந்து வெளுத்துப்போவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவுசெய்து வருகின்றனர். அதற்குக் காரணம் பொட்டின் நிறமன்று. பசையில் உள்ள பாரா-டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்னும் வேதிப்பொருள் நிறமி உண்டாக்கும் செல்களை அழிப்பதே. நாள்தோறும் ஒட்டியும் பல மாதங்கள்வரை தீங்கு வெளித்தெரியாமல் போவதுண்டு. ஜிகினாவையும் மணிகளையும் ஒட்டவைக்கக் கைவினைப் பசையை முகத்தில் தடவுவோர் இதை எண்ணிப் பார்ப்பது நலம்.

ஐந்தாம் வாதம்: கூத்துக் கலைஞர்கள் காலங்காலமாகப் பூசுகிறார்களே

மரபுக் கலைகளின் ஒப்பனை இதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுகிறது. ஆனால் அம்மரபை உற்று நோக்கினால் கிடைப்பது எச்சரிக்கையே. கதகளி ஒப்பனையில் மரபாகப் பயன்பட்ட மஞ்சள் நிறமியாகிய மனயோலை, அதாவது அரிதாரம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சிவப்பு நிறமியாகிய சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பழமை என்பது பாதுகாப்புக்கு ஈடாகாது என்பதை இவ்விரண்டுமே காட்டுகின்றன. திருச்சூரில் ஓணத்தின்போது நடைபெறும் புலிக்களியில், வண்ணப் பொடியை வார்னிஷுடன் கலந்தோ எனாமல் பெயின்டாகவோ உடல் முழுவதும் தீட்டிக்கொள்கின்றனர். ஆட்டம் முடிந்ததும் அதை நீக்க மண்ணெண்ணெய் தேய்க்க நேர்கிறது. தோலின் இயற்கை எண்ணெய்ப் பசையையே கரைத்துவிடும் மண்ணெண்ணெயை, கலைக்காக உடலை வருத்திக்கொள்ளத் துணிந்த வளர்ந்தவர்கள் தாங்குகிறார்கள் என்பதால், ஐந்து வயதுக் குழந்தையின் முகமும் தாங்கும் என்று கொள்ள இயலாது. குழந்தைக்கு உடல் எடையை நோக்கத் தோலின் பரப்பு மிகுதி. உதட்டை நக்குவதும் கையை வாயில் வைப்பதும் அதற்கு இயல்பு.

ஆறாம் வாதம்: ஒப்பனைப் பொருள் விலை அதிகம்

முகம் முழுவதையும் வண்ணத்தால் நிரப்பினால்தான் வேடம் பொருந்தும் என்ற எண்ணத்திலிருந்தே இவ்வாதம் பிறக்கிறது. வீட்டிலுள்ள உதட்டுச் சாயமும் கண்மையும் சிவப்பு, கறுப்பு ஆகிய இரு நிறங்களைத் தருகின்றன. புலிக்கு மீசையும் மூக்கும் அவற்றாலேயே ஆகிவிடும். மிச்ச வண்ணம் அனைத்தையும் அட்டை முகமூடியிலும் கிரீடத்திலும் தீட்டலாம். போஸ்டர் கலரும் ஜிகினாவும் அங்கே எவருக்கும் தீங்கு செய்வதில்லை. முகவண்ணம் வாங்கியே ஆக வேண்டுமெனில், தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். இவை ஏதுமின்றித் திருவிழாக் கடையில் தொங்கும் முகவண்ணப் பெட்டி, ‘முகத்துக்கு’ என்று எழுதியிருந்தாலும், ஓவிய வண்ணத்தைவிட நம்பத் தக்கதன்று.

இம்மறுப்புக்கும் ஓர் எல்லை உண்டு. கன்னத்தில் வாட்டர் கலரால் ஒரு பூ வரைந்து சற்று நேரத்தில் கழுவிவிட்ட குழந்தைகளில் மிகப் பலருக்கு எதுவும் நேர்வதில்லை. அவ்வாறு செய்துவிட்ட பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. அக்ரிலிக் வண்ணம் பட்டுவிட்டால் காயும் முன்பே சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதும், காய்ந்துவிட்டால் உரிக்காமல் எண்ணெய் தடவி ஊறவைத்து மெல்லத் துடைப்பதும், கண்ணில் ஜிகினா விழுந்தால் கசக்காமல் தூய நீரால் அலசி, உறுத்தல் நீங்காவிடில் கண் மருத்துவரிடம் செல்வதும் போதிய நடவடிக்கைகளாகும். ஆனால் ‘பலருக்கு எதுவும் நேரவில்லை’ என்பது அவர்களுக்கு வாய்த்த நற்பேற்றைச் சொல்கிறதேயன்றி, பொருளின் தகுதியைச் சொல்லவில்லை. ஒரு பொருள் தோலுக்கு ஏற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு அவ்வாறு கூறுவோரைச் சார்ந்தது. தோலில் சோதித்த சான்று ஒன்றைக்கூட ஓவிய வண்ணத்தின் ஆதரவாளர்கள் காட்டாதவரை, அவர்களது வாதம் ஏற்கத் தக்கதாகாது.