களப்பணி நமக்கு, கணக்கு அவர்களுக்கா?

பகுதி நேர எம்.பி.ஏ. படிக்கப் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து தோழர்கள் சிலர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "கடைசியில நீங்களும் கார்ப்பரேட்டுக்குக் கிளம்பிட்டீங்களா?" என்கிறார் ஒருவர். "ஆபீஸ்ல அம்பேத்கர் படத்தைக் கழட்டிட்டு அம்பானி படம் மாட்டுவீங்களோ?" என்கிறார் இன்னொருவர். கிண்டல்தான். ஆனால் கிண்டலுக்குள் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது. தலித் இளைஞர் சட்டம் படிக்கலாம், சமூகவியல் படிக்கலாம், இதழியல் படிக்கலாம். கணக்கும் நிர்வாகமும் படித்தால் அவர் போராட்டத்தை விட்டு ஓடுகிறார். இந்தக் கருத்தோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் நான்கு பேர். எல்லோரும் முப்பதுகளில் இருக்கிறோம். சமூகவியல், சமூகப்பணி என்று ஆளுக்கொரு முதுகலைப் பட்டம் கையில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழு நேரம் படிக்கிற வசதி எங்களில் யாருக்கும் இல்லை. ஊரில் எங்கள் சம்பளத்தை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் மாலையிலோ வார இறுதியிலோ வகுப்பு நடக்கும் படிப்பாகப் பார்த்து, வரும் கல்வியாண்டுக்காகத் தயாராகிக்கொண்டிருக்கிறோம்.

ஏன் எம்.பி.ஏ.? நாங்கள் வேலை பார்த்த தொண்டு நிறுவனங்களை நினைத்துப் பாருங்கள். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தையும் பாருங்கள். சேரிக்குப் போய் வருபவர் யார்? வன்கொடுமை நடந்த ஊருக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போகிறவர் யார்? நாம். திட்ட அறிக்கை எழுதி, நிதி வாங்கி, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பவர் யார்? ஏசி அறையில் இருக்கும் நிதி மேலாளர், திட்ட இயக்குநர். அவர்களில் எத்தனை பேர் நம் தெருக்காரர்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு நிதி பெறும் நிறுவனங்களின் நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத உச்சவரம்பை 2020 சட்டத்திருத்தம் 20 சதவீதமாக வெட்டியது. அதன் பிறகு எந்தச் சம்பளம் 'நிர்வாகம்', எந்தச் சம்பளம் 'திட்டம்' என்று கோடு போடுகிறவர் கையில்தான் களப்பணியாளரின் வேலை இருக்கிறது. கோடு போடும் பேனா ஒருபோதும் நம் கையில் இருந்ததில்லை.

தொண்டு நிறுவனம் சின்ன விஷயம். அரசாங்கத்தின் வரவு செலவுப் புத்தகத்துக்கு வருவோம். பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்ட நிதி அந்தப் புத்தகத்தில் 789 என்ற சிறு தலைப்பின் கீழ் வரும். பழங்குடியினருக்கு 796. இந்த இரண்டு எண்களும் நம் கூட்டங்களில் கை தட்டுகிற எத்தனை பேருக்குத் தெரியும்? "துணைத் திட்ட நிதியைத் திருப்பிவிடாதே" என்று முழக்கம் போடுகிறோம். சரிதான். எந்தத் துறையில், எந்தத் தலைப்பிலிருந்து, எவ்வளவு, எங்கே போனது என்று கேட்டால் பேச்சாளர் தொண்டையைச் செருமுகிறார். கர்நாடகத்தில் இந்த நிதியைக் காக்க 2013இலேயே தனிச் சட்டம் வந்தது. அங்கேயே 2023-24இல் பட்டியல் சாதி, பழங்குடி துணைத் திட்டத்திலிருந்து சுமார் 11,000 கோடி ரூபாயைப் பொதுவான உத்தரவாதத் திட்டங்களின் கணக்கில் எழுதினார்கள். தமிழ்நாட்டிலும் 2024இல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தால் போதுமா? அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் படிக்க ஆள் வேண்டாமா?

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்களே, 5ஆம் 6ஆம் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதே என்று, அதையும் எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் அவர்களைத் தூக்கிப் போனது போலீஸ். ஆனால் அவர்கள் வேலையை அதற்கு வெகு முன்பே தூக்கிப் போனது ஓர் ஒப்பந்தப்புள்ளி ஆவணம். ஒரு தொழிலாளியின் பெயரில் ஒப்பந்ததாரர் எவ்வளவு பில் போடுகிறார், அவர் கைக்கு எவ்வளவு போகிறது, இடைப்பட்ட பணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்படிப்பட்ட தாள்களில்தான் கிடக்கிறது. 'செலவுக் குறைப்பு', 'செயல்திறன்' என்பவை மேலாண்மைப் பாடப் புத்தகச் சொற்கள். அந்தச் சொற்களால்தான் நம் அம்மாக்களின் வேலை போகிறது. எதிரியின் மொழியைப் படிப்பது எப்போதிருந்து துரோகமானது?

இன்னொரு பக்கமும் உண்டு. 2023இல் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டுவந்தது. 35 சதவீத மூலதன மானியம், 6 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம். அதற்கு விண்ணப்பிக்க வரும் தம்பி தங்கைகள் திட்ட அறிக்கை எழுதித் தர யாரோ ஓர் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். அந்த அறிக்கையில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. வங்கி மேலாளர் "டி.எஸ்.சி.ஆர். எவ்வளவு போட்டிருக்கீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டதும் எழுந்து வந்துவிடுகிறார்கள். ஆண்டு வருமானம் கடன் தவணையைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்குதான் அது. அதைச் சொல்லிக் கொடுக்க நம் இயக்கங்களில் ஆள் இல்லை. வழக்கறிஞர் அணி இருக்கிறது, மாணவர் அணி இருக்கிறது, கணக்குப் பார்க்கிறவர் அணி இல்லை.

அம்பேத்கர் பெயரைச் சொல்லி எங்களை மடக்குகிறவர்களுக்கு அம்பேத்கரையே நினைவூட்டுகிறோம். லண்டனில் விட்ட படிப்பைத் தொடரப் பணம் சேர்க்க 1918இல் அவர் வேலைக்குச் சேர்ந்த இடம் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரி. ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சக பேராசிரியர்கள் முணுமுணுத்தது அங்கேதான். தண்ணீர்ப் பானைக்காக அவர் பொருளாதாரத்தை விடவில்லை. ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய ஆய்வு 1923இல் நூலாக வந்தது. 1946இல் மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் பம்பாயில் சித்தார்த் கல்லூரியைத் திறந்தபோது வகுப்புகளைக் காலை நேரத்தில் வைத்தார். ஏன்? படிக்கிற பிள்ளைகள் படித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக. வேலை பார்த்துக்கொண்டே படிப்பது பணக்காரர்களின் 'எக்ஸிகியூட்டிவ்' நாகரிகம் என்று நினைக்கிற தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். அந்தக் கழகமே 1953இல் வணிகவியலுக்கென்று தனிக் கல்லூரியும் தொடங்கியது. நம் இரட்டைமலை சீனிவாசனார் நீலகிரியில் ஐரோப்பியர் நிறுவனங்களில் கணக்கராக வேலை பார்த்தவர். 1893இல் 'பறையன்' இதழை நடத்தத் தொடங்கியவரும் அவர்தான். கணக்கு எழுதிய கை இதழ் நடத்தாது என்று யாரும் அப்போது சொன்னதாகத் தெரியவில்லை!

இதைப் படித்துவிட்டு, "ஆக, தலித் முதலாளித்துவம்தான் தீர்வு என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. 2002 போபால் பிரகடனம் கேட்ட பங்கும், 2005இல் தொடங்கிய தலித் தொழில் வர்த்தக சபையின் கனவும் எங்களுக்குத் தெரியும். சிலர் கோடீஸ்வரர் ஆவதால் சேரி விடுதலை அடையாது என்று ஆனந்த் டெல்டும்டே எழுதியதையும் படித்திருக்கிறோம். அவர் பக்கம்தான் நாங்கள் நிற்கிறோம். ஆனால் ஒன்றை மறந்துவிடாதீர்கள். டெல்டும்டே அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்தவர், பெட்ரோநெட் இந்தியா நிறுவனத்தை நிர்வகித்தவர், மேலாண்மைப் பேராசிரியர். 2020இல் அவரைச் சிறையில் போட்டார்களே, அது எம்.பி.ஏ. பாடம் நடத்தியதற்காகவா? முதலாளித்துவத்தை உள்ளே போய்ப் படித்துவிட்டு வந்து விமர்சித்தவரின் சொல்லுக்கு இருக்கிற கனத்தை, வாசலில் நின்று திட்டுகிறவர் தர முடியாது.

அந்த வகுப்பறை நமக்கு விரித்து வைத்த பாய் இல்லை என்பதும் தெரியும். இந்தியாவின் முதல் 1,000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை 2012இல் இ.பி.டபிள்யூ. இதழில் வந்த ஆய்வு ஒன்று எண்ணிப் பார்த்தது. 9,000க்கும் மேற்பட்ட இயக்குநர்களில் சுமார் 93 சதவீதம் முற்பட்ட சாதிகள். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்ந்து 3.5 சதவீதம். அதே இதழில் 2007இல் தோரட்டும் அட்டவெல்லும் எழுதியது இன்னும் எளிமையானது: ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு, தலித் பெயர் போட்ட விண்ணப்பத்துக்கு அழைப்பு குறைவு. இந்த எண்களை மனிதவள மேம்பாட்டுப் பாடத்தில் யாரும் சொல்லித் தரப்போவதில்லை. நாங்கள் சொல்லுவோம், முதல் செமஸ்டரிலேயே.

சரி, தயாரிப்புக்கு வருவோம். இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் சிலரும் இதே யோசனையில் இருப்பீர்கள்.

முதல் தடை பணம். பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு ஆண்டு முழு நேரப் படிப்பின் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். பகுதி நேரப் படிப்பு அவ்வளவு இல்லை, ஆனால் அதற்கும் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2013இல் வைத்த குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். மாதக் கணக்கில் 20,833 ரூபாய். வீட்டில் இரண்டு பேர் சின்னச் சம்பளம் வாங்கினாலே கோடு தாண்டிவிடும். முன்னேறிய சாதி 'ஏழை'களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு கொடுத்தபோது ஏழ்மைக்கு என்ன வரம்பு வைத்தார்கள்? 8 லட்சம். அவர்களில் மாதம் 66,000 வாங்குகிறவர் ஏழை, நம்மில் 21,000 வாங்குகிறவர் வசதியானவர். ஒரே நாடு, இரண்டு ஏழ்மைக் கோடு.

இரண்டாவது, பட்டமா சான்றிதழா என்று பாருங்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு, 'எக்ஸிகியூட்டிவ்' என்ற சொல்லையும் ஒட்டவைத்து, செல்போனில் தினமும் நான்கு முறை அழைப்பார்கள். பட்டம் வழங்கும் உரிமை சட்டப்படி பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அனுமதித்த நிறுவனங்களுக்கும் மட்டும்தான். ஐ.ஐ.எம்.களே 2017 சட்டம் வருவதற்கு முன்பு பட்டயம்தான் கொடுத்துவந்தன. கட்டணம் கட்டுமுன் 'இது எம்.பி.ஏ. பட்டம்தானா, எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது' என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களில் ஒருவர் இக்னோவின் தொலைதூர எம்.பி.ஏ.வையே தேர்ந்தெடுத்துவிட்டார். கட்டணம் ஒரு லட்சத்தைத் தொடாது. அதையும் யோசியுங்கள்.

மூன்றாவது, நேர்காணல். "அப்பா என்ன பண்றார்?" என்ற கேள்வி வரும். டெல்லி நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசிப் பார்த்த ஜோத்காவும் நியூமனும், குடும்பப் பின்னணி என்ற அந்தக் கேள்விக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது என்று 2007இலேயே காட்டிவிட்டார்கள். எங்கள் தயாரிப்பில் பாதி இதற்குத்தான் போனது. ஒருவரையொருவர் உட்கார வைத்துக் கேட்டுப் பழகினோம். முடிவாகச் சொல்வது ஒன்றுதான்: மறைக்காதீர்கள், குழையவும் குழையாதீர்கள். "அப்பா நகராட்சியில் தூய்மைப் பணியாளர், அந்த நகராட்சியின் ஒப்பந்தக் கணக்கைப் படிக்கத்தான் வந்திருக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தபோது எங்கள் தோழியின் குரல் மூன்றாம் முறைதான் நடுங்காமல் வந்தது.

நுழைவுத்தேர்வுக் கணக்குக்கு நம் ஆட்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். வன்கொடுமை நிவாரணத்தில் பெரும்பாலான குற்றங்களுக்கு முதல் தகவல் அறிக்கைக்கு 25 சதவீதம், குற்றப்பத்திரிகைக்கு 50, தண்டனைக்கு 25 என்று கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று கணக்குப் போடுகிறவர்கள் நாம். விழுக்காடு நமக்குப் புதிதல்ல. பத்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்து மூன்று மாதம் உட்கார்ந்தால் போதும்.

எங்களுக்கு உண்மையிலேயே கடினமாகப்படுவது ஞாயிற்றுக்கிழமை. இயக்கத்தின் நாள் அது. கூட்டம், உண்மை அறியும் குழு, திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வேண்டிய தாள்கள், எல்லாம் அன்றுதான். வகுப்பும் அன்றுதான். பெண் தோழர்களுக்கு இதோடு வீட்டு வேலையும் சேரும். ஆண் தோழர்கள் 'ஆதரவு' தெரிவிப்பதை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போனால் நன்றாக இருக்கும். கள வேலையை நான்கு பேருக்குள் முறை வைத்துப் பிரித்திருக்கிறோம். கிண்டல் செய்யும் தோழர்கள் மாதம் ஒரு ஞாயிறு எங்கள் முறையை எடுத்துக்கொண்டால் மகிழ்ச்சி.

கடைசியாக இட ஒதுக்கீடு. நாங்கள் விசாரித்த ஓரிடத்தில், பகுதி நேர வகுப்பில் பட்டியல் சாதிக்கு எத்தனை இடம் என்று கேட்டோம். "பார்ட் டைம் செல்ஃப் ஃபைனான்ஸ் சார், அதெல்லாம் இதுக்குக் கிடையாது" என்றார் அலுவலர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் செல்லாது என்று 1994 ஆம் ஆண்டின் 69 சதவீதச் சட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது? 18 சதவீதத்தை, அதற்குள் 2009இல் வந்த அருந்ததியர் 3 சதவீதத்தை, பழங்குடியினரின் 1 சதவீதத்தை வகுப்பு நேரம் பார்த்தா கொடுப்பார்கள்? அதை எழுத்தில் தாருங்கள் என்றோம். தரவில்லை.

அதனால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் பகுதி நேர எம்.பி.ஏ.வுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, இனவாரியாக நிரப்பியவை எத்தனை, ஒதுக்கீடு இல்லை என்றால் எந்த அரசாணையின்படி இல்லை என்று மூன்று கேள்விகள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் இருக்கிறது. தராவிட்டால் முதல் மேல்முறையீட்டு மனு இப்போதே எழுதித் தயாராக இருக்கிறது. எது வந்தாலும் இங்கே வெளியிடுகிறோம். உங்கள் ஊர்க் கல்லூரிக்கும் இதே மூன்று கேள்விகளை அனுப்புங்கள், பதிலை எங்களுக்கும் அனுப்பிவையுங்கள்.