வெறுங்கால்

வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இப்போதெல்லாம் இயற்கை வாழ்வியல் பேச்சுதான். முகாமுக்குப் போய்வந்த மூத்த ஊழியர் ஒருவர் சொன்னார்: "தெனம் காலையில அரைமணி நேரம் வெறுங்காலோட மண்ணுல நடங்க சார். நோய் கிட்டயே வராது."

எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. முப்பது வருஷம் வெறுங்காலோடு மண்ணில் நடந்தவள். நாற்று நட்டாள், களை பறித்தாள், விறகு சுமந்தாள். ஒருநாள் வரப்பிலேயே மயங்கி விழுந்தாள். அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். 12 கிராம் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் 6 தான் இருந்தது. கொக்கிப்புழு என்றார் டாக்டரம்மா.

மலம் கலந்த ஈரமண்ணில் அந்தப் புழுவின் குஞ்சு காத்திருக்கும். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். இதைத் தடுக்க மூலிகை வேண்டாம். கக்கூஸ் வேண்டும், ஒரு ஜோடி செருப்பு வேண்டும்.

அம்மாவிடம் செருப்பு இருந்தது. ஊர்த்தெரு வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். "கழட்டிக் கழட்டி மாட்டுறதுக்கு சும்மாவே நடந்துடலாம்டா" என்று அதைப் போடுவதையே விட்டுவிட்டாள். சாதி அவள் உள்ளங்கால் வழியாக ரத்தத்துக்குள் போனது இப்படித்தான் தோழர்களே.

பஞ்சபூதங்களே மருந்து என்கிறார்கள். எந்த பூதம் நமக்குக் கிடைத்தது? மண்ணா? 1892 ஆணையில் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்கு 1994-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தார்கள். தண்ணீரா? மகத் குளத்தில் ஒரு கை அள்ளிக் குடிக்க 1927-இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்ட வேண்டியிருந்தது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் பிள்ளைகள் குடித்த தண்ணீர்த்தொட்டியில் மலம் கிடந்தது.

அப்புறம் சாத்வீக உணவு. நம் சட்டியில் வெந்தது மட்டும் தாமசம். கீரையில் உள்ளதைவிடக் கறியில் உள்ள இரும்புச்சத்து எளிதாக உடம்பில் ஒட்டும். பி12 என்கிற சத்து செடிகொடிகளில் கிடைப்பதில்லை. ஈரல், மாட்டுக்கறி, கருவாடு, முட்டை இவற்றில் இருக்கிறது. அழுக்கு என்று எதைச் சொன்னார்களோ அதுதான் நம்மை இத்தனை காலம் நிற்க வைத்தது. அவர்கள் பார்ப்பது சத்தை அல்ல, கையை. 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டு வந்ததே, அந்தச் சோற்றில் எந்தச் சத்து குறைந்திருந்தது?

சரி, அதற்காக உடம்பைப் பேணுகிற பேச்சே மேல்சாதிக்காரன் பேச்சு என்று தள்ளிவிடலாமா? இதுவரை தள்ளித்தான் வந்தோம்.

போன ஐப்பசியில் நம் தோழர் ஒருவரைப் புதைத்தோம். வயது 43. சர்க்கரையில் மரத்துப்போன காலில் ஆணி குத்தியது தெரியாமலே இரண்டு ஊர்க் கூட்டத்துக்கு நடந்திருக்கிறார். புண் புரையோடி, காலை எடுத்து, பிறகு ஆளும் போய்விட்டார். அவருக்குச் சர்க்கரை என்பது எங்களுக்குத் தெரியும். ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டாவும் டீயும் வாங்கிக் கொடுத்தது நாங்கள்தான். நானும்தான். சாவு வீட்டில் அக்கா என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அம்பேத்கரையும் கடைசி வருஷங்களில் சர்க்கரை நோய் வாட்டியது. 65 வயதில் இழந்தோம். இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் என்று பேசாத மேடை உண்டா? அப்படிப் பேசுகிற நாம் நம் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தோமா?

ஆகவே இதையும் இயக்க வேலையாக எடுப்போம். நம் பாட்டிகள் தின்ற கேழ்வரகும் கம்பும் முருங்கைக்கீரையும் சேரிக்குள் திரும்பி வரட்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் 10 தேறினால் பெரிது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்துங்கள், அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள், அது சேரவிடும். பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் பூச்சி மாத்திரையைப் பிள்ளைகள் விழுங்கினார்களா என்று பாருங்கள். சத்துணவு முட்டை ஒன்று குறைந்தாலும் கேளுங்கள். முப்பது தாண்டிய தோழர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சேரிக்குள்ளும் வருகிறதா, வாசலோடு நிற்கிறதா என்பதைக் கண்காணிப்பதும் நம் வேலை.

கூலி, நிலம், கக்கூஸ், குடிதண்ணீர் இவற்றுக்கான போராட்டத்தை ஒரு கிண்ணம் கூழ் தீர்த்துவிடாது. ஆனால் போராட ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ரத்தம் வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் பரோட்டா கிடையாது. கேழ்வரகுக் கூழும் கருவாடும். வருகிறவர்கள் செருப்புப் போட்டுக்கொண்டு, ஊர்த்தெரு வழியாகவே வாருங்கள்.