‘தெரியாது’ என்று எழுதிவிட்டால் தீர்ந்ததா?



மணல்வாரி என்றும் தட்டம்மை என்றும் நாம் சொல்லும் நோய்க்கு நாடு முழுவதும் கண்காணிப்பு நடக்கிறது. காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு கண்ட குழந்தை ஆஸ்பத்திரிக்கு வந்தால் பெயர், வயது, இருப்பிடம் எழுத வேண்டும். இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தடுப்பூசி எத்தனை தவணை போட்டது என்றும் குறிக்க வேண்டும். போட்டது, போடாதது, தெரியாது என்று அதற்கு மூன்று பதில்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர் பிள்ளைக்குக் காத்திருப்பது அந்த மூன்றாவது பதில்!

ஏன் தெரியாது? நம் பெண்கள் பிரசவத்துக்குத் திருநெல்வேலிக்கும் விழுப்புரத்துக்கும் தாய்வீடு போகிறார்கள். அட்டை அங்கே எழுதப்படுகிறது. முதல் தவணை ஒன்பதாம் மாதம் முடிந்ததும். இரண்டாவது, பதினாறிலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள். அதற்குள் குடும்பம் பம்பாய்க்குத் திரும்பிவிடுகிறது. அட்டை பாட்டியின் டிரங்குப் பெட்டியில். பிள்ளை தாராவிச் சந்தில். ஊர் நர்ஸ் ‘வெளியூர் போய்விட்டது’ என்று எழுதுகிறார். இங்குள்ள நர்சின் பட்டியலில் அந்தப் பிள்ளை ஏறவே இல்லை. இரண்டு பதிவேடுகளுக்கு நடுவில் ஒரு குழந்தை தவறி விழுகிறது. பழி மட்டும் தாயின் தலையில்!

இது சின்ன விஷயம் அல்ல. தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை பன்னிரண்டிலிருந்து பதினெட்டுப் பேருக்கு அதைப் பரப்ப வல்லது. தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்கு இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அதற்கு அணை. 2022 இறுதியில் கோவண்டியில் தொடங்கி இம்மாநகரில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொள்ளை கொண்டதே, அது எந்த வட்டாரம்? மாளிகைகள் நிறைந்த மலபார் ஹில்லா? குடிசைகள் நெருங்கிய எம்-கிழக்கு வார்டு! டில்லியிலிருந்து நிபுணர் குழு வந்தது. ஒன்பது மாதம் முதல் ஐந்து வயது வரை கூடுதல் தவணை போடச் சொன்னார்கள். நல்லது. ஆனால் பிள்ளைகள் செத்த பிறகுதானா எங்கள் சந்துக்கு வழி தெரிய வேண்டும்?

‘குடிசைவாசிகளைத் தேடிப் பிடிக்க முடியாது’ என்கிறார்கள். முடியாதா? அதே எம்-கிழக்கு வார்டில் இருக்கிறது சீட்டா கேம்ப். 1976-இல் அவசரநிலைக் காலத்தில் ஜனதா காலனியைப் பெயர்த்துத் தமிழர்கள் உள்ளிட்ட உழைக்கும் மக்களைக் கொண்டுவந்து கொட்டிய இடம். அவ்வாண்டு ஜனவரியில் குடிசைகளுக்குக் கணக்கெடுப்பு நடத்தி, எண் போட்டு, போட்டோ பாஸ் கொடுத்தது இதே சர்க்கார். நிலம் வேண்டுமென்றால் ஒவ்வொரு குடிசையும் கண்ணுக்குத் தெரிகிறது. ஊசி போட வேண்டுமென்றால் தெரியவில்லையா?

போலியோவை ஒழித்ததும் இந்த நாடுதானே! ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் செங்கற்சூளையிலும் கட்டட வேலைத் தளத்திலும் பிள்ளைகளைத் தேடிச் சொட்டு மருந்து ஊற்றினார்கள். ஓடும் ரயிலிலும் ஊற்றினார்கள். 2011 ஜனவரிக்குப் பின் இயற்கையான போலியோக் கிருமியால் நோய் கண்ட பிள்ளை நாட்டில் இல்லை. அன்று யாரும் ‘அட்டை எங்கே?’ என்று கேட்டு நிற்கவில்லை. தட்டம்மையை மட்டும் 2023-க்குள் ஒழிப்போம் என்றார்கள், தவறியது, 2026 என்று தள்ளினார்கள். தேதியைத் தள்ளலாம், தொற்றைத் தள்ள முடியுமா?

இப்போது ‘யு-வின்’ என்ற கம்ப்யூட்டர் பதிவு வந்திருக்கிறது. நாட்டில் எங்கே ஊசி போட்டாலும் ஒரே கணக்கு என்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் தானே நடந்து சந்துக்குள் வராது. ஆள் வர வேண்டும். ஆகவே நாம் கோருவது:

ஒன்று: ரேஷன் கார்டு இல்லை, ஆதார் இல்லை, பழைய அட்டை இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது. அட்டை இல்லாவிட்டால் ஊசி போடுவதே முறை; ஒரு தவணை கூடிப்போனால் கெடுதல் இல்லை.

இரண்டு: கூலிக்குப் போகும் தாய்க்கு வசதியாக மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊசி முகாம் வேண்டும்.

மூன்று: ‘தெரியாது’ என்று எழுதப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று வார்டு வாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். அது பெற்றோரின் குற்றப் பட்டியல் அல்ல; நிர்வாகத்தின் பாக்கிக் கணக்கு!

நம் பங்கும் உண்டு. ஊருக்குப் போனால் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். இரண்டாவது தவணை விட்டுப்போயிருந்தால் ஐந்து வயது வரை இலவசமாகப் போடலாம். அம்மை கண்டால் வேப்பிலை கட்டுங்கள், ஆத்தாளுக்குக் கூழும் ஊற்றுங்கள். ஆனால் அன்றே ஹெல்த் போஸ்ட்டுக்குச் சொல்லுங்கள். வைட்டமின் ‘ஏ’ இரண்டு நாள் கொடுத்தால் கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து குறையும். மறைத்த அம்மை பக்கத்து வீட்டுத் தொட்டிலைத் தேடிப் போகும்.

இந்த நகரத்தின் சாலையும் சாக்கடையும் ரயிலும் நம் உழைப்பில் ஓடுகின்றன. நம் பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘தெரியாது’ என்று எழுத இனி எவரையும் விடமாட்டோம்!