வேலி சரிந்த இரவு

விதைப்பவன் வேலியை மறப்பதில்லை. யப்பானியக் கடற்படையோ பெரும் போர்க்கப்பல்களில் பெருமை கொண்டு, சரக்குக் கப்பல்களைக் காக்கும் வேலியை நெடுநாள் மறந்திருந்தது. கப்பற் காவலுக்கெனத் தனித் தலைமையகம் அமைந்தது 1943 நவம்பரிலேதான். அதற்குள் பசிபிக் யுத்தம் மூண்டு ஏறக்குறைய ஈராண்டுகள் கழிந்துவிட்டன.

அக்காலத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட காவற் கப்பல்களுள் ஒன்றே 'ஹிராடோ'. 1943 செப்டெம்பரில் சேவையில் இறங்கிய இதன் நிறை சுமார் 870 தொன். வேகம் மணிக்கு இருபது கடல்மைலுக்கும் குறைவு. மூன்று பீரங்கிகளும் ஆழக் குண்டுகளும் இதன் முதன்மைப் படைக்கலங்கள்.

1944 செப்டெம்பர் 6ஆந் திகதி சிங்கப்பூரிலிருந்து யப்பானை நோக்கிப் புறப்பட்ட கப்பற் கூட்டத்துக்கு ஹிராடோ காவல் சென்றது. காவற் படைத் தலைவர் கஜியோக்கா அதிலேயே பயணஞ் செய்தார். 1941இல் வேக் தீவைக் கைப்பற்றிய அதிபதி அவரே. கூட்டத்திலிருந்த 'ரக்குயோ மாரு', 'கச்சிடோக்கி மாரு' ஆகிய இரு கப்பல்களில் றப்பருடன், சுமார் 2,200 ஆங்கிலேய, அவுஸ்திரேலியக் கைதிகளும் அடைபட்டிருந்தனர். சயாம்–பர்மாப் புகையிரதப் பாதையிலே, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் மடிந்த அந்தப் பாதையிலே, வேலை செய்து உயிர் தப்பியவர்கள் இவர்கள்.

செப்டெம்பர் 12ஆந் திகதி, நள்ளிரவு கடந்த வேளை. ஹைனான் தீவுக்குக் கிழக்கே அமெரிக்க நீர்மூழ்கி 'குறோலர்' தென்பட்டது. ஹிராடோ அதன்மேற் பாய்ந்தது. எதிரே வந்த டோர்ப்பிடோவினால் தாக்குண்டு, தலைவருடன் கடலில் ஆழ்ந்தது. விடியுமுன் ரக்குயோ மாருவும், அன்றிரவே கச்சிடோக்கி மாருவும் தாக்கப்பட்டு மூழ்கின. கைதிகள் இருந்தமைக்கு அவற்றில் யாதோர் அடையாளமும் இல்லை. எஞ்சிய காவற் கப்பல்கள் முதலில் யப்பானியரையே மீட்டன. கைதிகளுள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மூன்று நாட்களின் பின் அவ்வழியே திரும்பிய நீர்மூழ்கி 'பம்பனிற்றோ', எண்ணெய் படிந்து மிதந்த மனிதரைக் கண்டது. மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களில் இருந்தவர் யாவர் என்பதை மாலுமிகள் அப்போதே அறிந்தனர். 73 பேரை அது தூக்கியெடுத்தது. நான்கு நீர்மூழ்கிகளுமாக 159 பேரை மீட்டன. ஹிராடோவை வீழ்த்திய குறோலரோ, இரு மாதங்களுக்குள் பிலிப்பைன்ஸ் அருகே தன் மாலுமிகள் அனைவருடனும் மறைந்தது.

காவலன் தன் கடமையைச் செய்தே மடிந்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவன் வென்றிருந்தால் அக்கைதிகளுக்கு யப்பானில் அடிமை வேலை, தோற்றமையால் ஆழ்கடல். இருபுறமும் வாயில் அடைபட்ட அம்மனிதரையே நாம் இன்று நினைக்கிறோம்.